மூன்று டெசிபெல்லுக்காகப் பிள்ளையார்பாளையம் வரை

புதன்கிழமை காஞ்சிபுரம் போய்வந்தேன். கோயிலுக்கும் இல்லை, பட்டுக்கும் இல்லை. ஒரே சர்க்யூட்டைப் பற்றி, அதைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப்பார்க்கும் இரண்டு சிமுலேட்டர்கள் இரண்டு விதமாகப் பேசியதால் போனேன். இதே தொல்லையில் இருப்பவர்கள் தேடி இங்கே வந்து சேர்ந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஆட்டோ கட்டணமாவது தெரியவரும்.

என்னுடன் வேலை செய்யும் நிர்மலா ஒரு ஆசிலேட்டர் வடிவமைத்திருக்கிறாள். சிப்புக்குள் உட்கார்ந்து தாளம் போடும் சர்க்யூட் அது. எந்த ஆசிலேட்டரும் சுத்தமாகத் தாளம் போடாது, துளி முன்னே பின்னே ஆடும். அந்த ஆட்டத்தின் அளவுதான் ஃபேஸ் நாய்ஸ். அதை டெசிபெல்லில், மைனஸ் எண்ணாகச் சொல்வோம். மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாக ஆக நல்லது. எங்களுக்கு வேண்டியது மைனஸ் 115. அலுவலகத்தில் நான் ஓட்டும் பழைய சிமுலேட்டர் மைனஸ் 117 என்றது, பாஸ். நிர்மலா வீட்டில் ஓட்டும் புதியது மைனஸ் 114 என்றது, ஃபெயில்.

வெள்ளிக்கிழமை சிப் தயாரிப்புக்குப் போகிறது. அதற்குள் எண் தேறாவிட்டால் பழைய ஆசிலேட்டரையே வைத்துவிடுவார்கள். நிர்மலாவுக்கு இது ஏழாம் மாதம். அடுத்த சிப்புக்கு வேலை தொடங்கும்போது அவள் பிரசவ விடுப்பில் இருப்பாள். இரண்டு வருடம் கட்டிய சர்க்யூட்டுக்கு இது ஒன்றுதான் வாய்ப்பு. அவள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில்; பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் சென்னை வர முடியாது. இரண்டு நாள் ஃபோனில் ஆளுக்கொரு திரையைப் பார்த்துக் கத்திப் பார்த்தோம், பிரயோஜனமில்லை.

பூந்தமல்லியில் காலை 6.40க்கு பஸ் ஏறினேன். ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை லாரி நெரிசல். 8.35க்குக் காஞ்சிபுரம் பஸ் நிலையம். இறங்கும் பெண்களெல்லாம் புடவைக்குத்தான் வருகிறார்கள் என்று அங்கே ஒரு முடிவோடு இருக்கிறார்கள்.

"வாம்மா, பட்டுப்பொடவதானே? நமக்குத் தெரிஞ்ச கடை இருக்குது, வெல கம்மி" என்றார் ஆட்டோக்காரர்.

"பொடவ வேணாங்க. பிள்ளையார்பாளையம் போகணும்."

"அங்கதாம்மா தறியே. நெய்யிறவங்ககிட்டயே எடுத்துக்கலாம்."

"கம்ப்யூட்டர் வேலைங்க."

"அப்ப நூத்திருவது."

புடவை என்றால் எண்பதாம். கடைக்காரர் கமிஷன் கொடுப்பார், கம்ப்யூட்டர் கொடுக்குமா என்று கேட்டார். நியாயம்தான், ஏறிக்கொண்டேன்.

நிர்மலாவின் வீட்டில் முன்னறையில் கணவர் தறியில் இருந்தார். பின்னறையில் இவளுடைய கம்ப்யூட்டர். காபி வருவதற்கு முன்னாலேயே அவளிடம் விளக்கம் தயாராக இருந்தது.

"மூணு டெசிபெல்னா தெரிஞ்சதுதானே பா, பாதி. என்னுது ரெண்டு பக்கத்தையும் கூட்டிக்கினு இருக்குது. மைனஸ் 114ல இன்னும் மூணு எறக்கு, 117. மேட்டர் முடிஞ்சுது."

அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆசிலேட்டரின் அதிர்வெண்ணுக்கு இரண்டு பக்கமும் இரைச்சல் இருக்கும். சிலர் ஒரு பக்கத்தை மட்டும் கணக்கில் எடுப்பார்கள், சிலர் இரண்டையும். இரண்டையும் எடுத்தால் இரட்டிப்பு, அதாவது மூன்று டெசிபெல். சரியாக மூன்று வித்தியாசம் என்றால் எங்கள் தொழிலில் யாரும் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வார்கள். எனக்கும் நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் திருத்த வேண்டியது அவளுடைய எண்ணையா, என்னுடையதையா? அவளுடையதைத் திருத்தினால் பாஸ், என்னுடையதைத் திருத்தினால் ஃபெயில். பிடித்த பக்கம் சாய்வதற்கு முன்னால் ஒருமுறை சோதித்துவிடலாம் என்றேன்.

"நீ எந்தக் கட்சி பா?" என்றாள். முகம் சுருங்கிவிட்டது.

கையாலேயே விடை போடக்கூடிய ஒரு சின்ன சர்க்யூட் செய்தோம். சுத்தமான சிக்னல் ஒன்று; அதை ஒரே ஒரு ரெசிஸ்டரின் இரைச்சல் மட்டும் ஆட்டும். ஒரு பக்கக் கணக்குக்கு மைனஸ் 100 வர வேண்டும் என்று தாளில் போட்டுக்கொண்டோம். புதிய சிமுலேட்டர் உடனே மைனஸ் 100 என்றது. பழையது ஓடும் அலுவலக சர்வரில் எங்களுக்கு முன்னால் ஏகப்பட்ட பேர் வரிசையில் நின்றார்கள். அந்த நேரத்தில் நான் திருப்பருத்திக்குன்றம் போய்ச் சமணக் கோயிலைப் பார்த்துவிட்டு வந்தேன். பக்கம்தான். கதவு பூட்டியிருந்தது, வெளியிலிருந்து கோபுரத்தை மட்டும் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது பழையது மைனஸ் 103 என்று சொல்லியிருந்தது. தப்பு என் பக்கம். ஆனால் அந்த சிமுலேட்டர் எழுதிய மூலக் கோப்பைத் திறந்தால் அதிலும் மைனஸ் 100தான். நடுவில் மூன்றைத் தின்றது, இரண்டின் விடைகளையும் படித்து ஒப்பிட்டுக் காட்ட நிர்மலா எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு குட்டி நிரல். கோப்பின் பெயரில் 'ரெட்டை' என்று இருந்தால் அது தானாக மூன்று டெசிபெல் இறக்கிவிடும். அவள் வீட்டில் இரண்டு ஓரமும் கரை வைத்த புடவைக்கு ரெட்டைக்கரை என்று பேர். அந்தப் பழக்கத்தில் இரண்டு பக்கக் கணக்குக்கு ரெட்டை என்று வைத்திருக்கிறாள். ஆசிலேட்டருக்கு இரண்டு வெளியீடு உண்டு, நான் இரண்டுக்கும் நடுவில் அளந்தேன். அதனால் என் கோப்புகளுக்கெல்லாம் நான் வைத்த பெயரும் ரெட்டை.

"அட கடவுளே, ஒன் ரெட்ட வேற, என் ரெட்ட வேறயா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. என்னுடைய மைனஸ் 117, மைனஸ் 114 ஆகிவிட்டது; வேண்டியதோ மைனஸ் 115. இரண்டு சிமுலேட்டருக்கும் இப்போது எந்தச் சண்டையும் இல்லை.

"நான் மெயில் போடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம்பா. கட்னது நானு. நானே சொல்லிக்கிறேன்."

ஒரே வரியில் அனுப்பினாள். பழைய ஆசிலேட்டரே போகட்டும், நன்றி என்று மேனேஜரிடமிருந்து உடனே பதில் வந்தது. எனக்கு அந்த நன்றியின் மேல்தான் ஆத்திரம் வந்தது.

போகிறவர்களுக்கு: வேலை நாளில் போங்கள், முகூர்த்த நாளில் பஸ்ஸில் நிற்க இடம் கிடைக்காது. சமணக் கோயில் திறக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். சிமுலேட்டர் தகராறு என்றால் முதலில் கையால் விடை தெரிந்த ஒன்றை இரண்டிலும் ஓட்டுங்கள், எதைத் திருத்தினால் நல்லது என்ற பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பெயர்களை உரக்கச் சொல்லிப் பொருள் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையிலிருந்து நாங்கள் பேசியதெல்லாம் மூன்று டெசிபெல்லைப் பற்றித்தான். நான் செருப்பு மாட்டும்போது நிர்மலா வாசல்வரை வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு பா" என்றாள். "ஒரு டெசிபெல்லுதான் கொறயுது."