செவுளைத் தூக்கி முகர்ந்தவள்

போன வருடம் ஆடி மாதம், பட்டினப்பாக்கம் மீன் மார்க்கெட்டில் ஆரம்பித்தது இது. நான் மூன்றாவது வரைதான் படித்தவன். ஐஸ் பெட்டி சுமந்து தொடங்கி, இன்று சொந்த லாரி, அடையாற்றில் மாடி வீடு என்று நிற்கிறேன். யார் தயவும் கிடையாது, என் மனைவியைத் தவிர. மீனின் செவுளைத் தூக்கி அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினால்தான் நான் ஏலம் கேட்பேன். எங்கள் பேர் அப்படி வளர்ந்ததுதான்.

அந்த ஆடியில் ஒரு நாள், ஒரு கூடை கெட்ட மீனுக்குத் தலையாட்டிவிட்டாள்.

"இன்னாக்கா, மூக்க வூட்லயே கயட்டி வச்சிட்டு வந்துட்டியா?" என்று பக்கத்துக் கடைக்காரி சிரித்தாள். இவளும் சிரித்தாள். கூடையை ஓரம் தள்ளும்போது அவள் வலது கை நடுங்கியது.

மயிலாப்பூரில் ஒரு நரம்பு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார். பிறகு, வாசனை தெரிகிறதா என்று கேட்டார்.

"அது போயி வருசக்கணக்காவுதும்மா. கண்ணால பாத்து, வெரலால அமுக்கிப் பாத்து ஓட்டிக்கினு இருந்தேன். இவருகிட்ட சொன்னா பயந்துக்குவாரு" என்றாள்.

எனக்கு அது அன்றுதான் தெரியும்.

கிராம்பு, காப்பித்தூள் என்று சின்னச் சின்னப் புட்டிகளை நீட்டினார் டாக்டர். இவள் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள்.

பார்க்கின்சன் நோய் என்றார். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே சிலருக்கு வாசனை போய்விடுமாம். வாசனை போன எல்லோருக்கும் இந்த நோய் வராதாம். ஆனால் அதை வைத்து முன்கூட்டியே கண்டுபிடிக்க இப்போது ஆராய்ச்சி நடக்கிறதாம்.

"எவ்ளோ செலவானாலும் பரவால்ல, நிறுத்திடுங்கம்மா" என்றேன்.

"நடுக்கத்தைக் குறைக்க மாத்திரை இருக்கு, ஐயா. நோயையே நிறுத்துற மருந்து இன்னும் வரலை."

எனக்கு ஒப்பவில்லை. கிராம்பு தெரியாவிட்டால் என்ன, மீன் தெரியாமல் போகுமா? மறுநாள் வீட்டில் இரண்டு வஞ்சிரத்தைத் தட்டில் வைத்தேன். ஒன்று அன்று கரைக்கு வந்தது, மற்றது அழுகியது. தொடக்கூடாது என்று சொல்லி, துண்டால் அவள் கண்ணைக் கட்டினேன். இரண்டையும் வெகுநேரம் முகர்ந்தாள். அழுகியதன் பக்கம் திரும்பி, "இதான்யா நல்ல மீனு" என்றாள்.

"கரீட்டா சொன்ன" என்றேன்.

துண்டை அவிழ்த்துத் தட்டைப் பார்த்தாள். "ஈ மொய்க்குதே, பொய்யா சொல்ற?" என்று நடுங்கும் கையால் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

ஆராய்ச்சியில் சேர விருப்பமா என்று டாக்டர் கேட்டபோது, என்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டாள். "எனக்கு ஒதவாட்டி போவுது. எவளோ ஒருத்தி மூக்கு போனப்பவே வந்து காட்டுவா இல்ல?"

மாத்திரையில் நடுக்கம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, "எப்டி வாசம் வருது, சொல்லுய்யா" என்று கேட்கிறாள். மார்க்கெட்டையே பேசி ஜெயித்தவன் நான். அந்த ஒரு வாசனையை அவளுக்குச் சொல்ல, இன்றுவரை எனக்கு வார்த்தை வரவில்லை.