சீப்பக்காவும் வெள்ளை சோபாவும்

வந்தவர் முகத்தைப் பார்க்கும் முன்பே நாயின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுவிடுவாள் சீப்பக்கா. சிக்கு தட்டுப்பட்டால் போச்சு. "உங்க தலைய மட்டும் அழகா சீவிக்கிட்டு வந்திருக்கீங்களே!" என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள்.

சின்ன நாய்களுக்கு முடிவெட்டும் கடை அது. அவளுடைய நீலக் கோட்டில் ஊர் நாய்களின் முடியெல்லாம் ஒட்டியிருக்கும். என் பக் நாயின் முடியும் உண்டு. பக் வருஷம் முழுக்கக் கொட்டும், சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வரும். ஆனால் ரப்பர் பிரஷ்ஷால் தேய்த்து, முகத்து மடிப்பைத் துடைத்துவிட்டால் தீர்ந்தது வேலை. பொமரேனியனுக்குக் கொட்டுவதும் உண்டு, சிக்கும் உண்டு. வெயிலுக்காக அதை மொட்டையடிக்கச் சொன்ன ஒருவரைத் தெருமுனை வரை துரத்தினாள். "அடிமுடி பழையபடி வரலைன்னா உன் முடியைக் குடுப்பியா?"

நாய் வாங்க யோசனை கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே கேள்விதான். "வீட்டைக் கூட்டுவீங்களா, நாயைச் சீவுவீங்களா? ரெண்டும் ஆகாதுன்னா பொம்மை வாங்கிக்கங்க."

சொந்த அண்ணன் வீட்டிலேயே இது எடுபடவில்லை. அண்ணியின் சோபா வெள்ளை. அதற்காகவே முடி கொட்டாத நாய் என்று ஷிட்ஸூ வாங்கினாள். சீப்பக்கா அங்கே போனால் ஸ்டூல்தான். "கோட்டு முடி ஒட்டிக்கும், தப்பா நினைக்காத" என்பாளாம் அண்ணி.

போன வாரம் நான் கடையில் இருந்தபோது அந்த நாயை அண்ணன் கொண்டுவந்து விட்டுப் போனார். பின்னாலேயே அண்ணியின் போன். "மொட்டை மட்டும் போட்டுடாத. ஞாயித்துக்கிழமை ஆளுங்க வராங்க."

அக்கா காதுக்குப் பின்னால் விரலை விட்டாள். நுழையவில்லை. உதிர்ந்த முடி கீழே விழாமல் உள்ளேயே சிக்கி, சடையாகித் தோலை இழுத்துக்கொண்டிருந்தது. தலையைத் திருப்ப முடியாமல் அது கண்ணை மட்டும் திருப்பி எங்களைப் பார்த்தது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளையை இப்படி விடுவார்களா?

"இதைச் சீவினா உயிர் போயிடும்" என்று மெஷினை எடுத்தாள். தோலில் படாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினாள். சடை பாய் மாதிரி மொத்தமாகக் கழன்று வந்தது. அடியில் தோல் புண்ணாகிக் கிடந்தது. மருந்து போட்டாள். வாலில் மட்டும் கொஞ்சம் முடி தப்பித்தது.

நாயைப் பிடித்துக்கொள்ள என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். "தினம் சீவுறேன்னு சொல்லட்டும். இல்லைன்னா இது என்னோட திரும்பி வந்துடும்."

கதவைத் திறந்த அண்ணி வாயில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, என்ன கோலம் இது! சோபாவுல ஒரு முடி போட்டதில்ல, தெரியுமா?"

"எப்படிப் போடும்? அத்தனையும் அதுதானே சுமந்துச்சு."

அண்ணியின் கண் நீலக் கோட்டுக்குப் போனது. கை வழக்கம்போல ஸ்டூலைக் காட்டியது.

அக்கா நேராகப் போய் வெள்ளை சோபாவின் நடுவில் உட்கார்ந்தாள். முதுகு முழுவதும் படும்படி நன்றாகச் சாய்ந்தாள். நாயை மடியில் போட்டு, வாலை இடது கையில் பிடித்துக்கொண்டு, சீப்பை அண்ணியிடம் நீட்டினாள். பிறகு கோட்டுக் கையால் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டினாள்.