ஐந்தாவது துளை

என் முதுகுப்பையின் இரண்டு தோல் வார்களிலும் ஐந்தாவதாக ஒரு துளை உண்டு. மற்ற நான்கும் செய்த இடத்திலேயே வரிசை பிசகாமல் போட்டவை. ஐந்தாவது சற்றுக் கோணல். எனக்கு நான்காவதே போதும். ஐந்தாவது சித்தியின் அளவு.

அப்போது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்குத் தற்காலிக வேலை. பச்சைமலைக் கிராமங்களின் கிணற்று நீரை எட்டு பாட்டில்களில் எடுத்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் உடையாமல் கொண்டுவர வேண்டும். அது சரியாக முடிந்தால்தான் வேலை நிரந்தரமாகும். தனியாக அனுப்ப மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். கடைசியில், சித்தி துணைக்குப் போனால் சரி என்றாள். சித்தி அம்மாவின் தங்கை, என்னைவிட ஆறு வயதுதான் பெரியவள். சித்தப்பாவுக்கு வடக்கே பிலாய் உருக்காலையில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை சித்தி ஸ்ரீரங்கத்தில் எங்களோடு இருந்தாள்.

பை வாங்க இருவரும் பஸ் ஏறிக் காந்தி மார்க்கெட் பக்கம் போனோம். புதுப்பை என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. பழைய பட்டாளத்துச் சாமான் விற்கும் கடைதான் கதி. கையில் பட்டியல் வைத்திருந்தேன். முதல் வரி, இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பிறகு துணியின் கனம், அடித்தையல், கொக்கி, பாட்டில்கள் நிமிர்ந்து நிற்க அகலம், ஒரு மாற்றுப்புடவைக்கு இடம். மூன்று பைகளை டேப் வைத்து அளந்தேன்.

“பட்டாளத்துக்கா போறீங்கம்மா?” என்றார் கடைக்கார பாய்.

“ஆமாங்க. இவ சுடுவா, நான் சமைப்பேன்,” என்றாள் சித்தி. என்னிடம், “தோள்ல மாட்டிப் பாருடி,” என்றாள்.

கடைவாசலில் அத்தனை ஆண்கள். ஆண்கள் மாட்டும் பையை அவர்கள் எதிரில் மாட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அளவு சரியாக இருக்கிறது, மாட்டுவானேன் என்று சொல்லி வாங்கிவிட்டேன்.

மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித்தான் முதன்முதலாக மாட்டினேன். டீக்கடையைத் தாண்டுவதற்குள் வார் முந்தானையை இழுத்துக்கொண்டு சரிந்தது. தோளில் குத்தியிருந்த ஊசி தெறித்தது. அதன்பின் ஒரு கை முந்தானையிலேயே இருந்தது. கல்லில் கால் இடறியபோது உள்ளே பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தமிட்டன. பட்டியலின் முதல் வரியே பொய்த்துவிட்டது.

“நாலு அடிக்கே இப்படின்னா, நாலு மைல் எப்படிடி ஏறுவே? கொடு இங்கே.” சித்தி முந்தானையைச் சுற்றி இழுத்து இடுப்பில் இறுகச் செருகினாள். டீக்கடை பெஞ்சு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் சட்டை செய்யவில்லை. பையை மாட்டினாள், அவள் குள்ளம், பை இடுப்புக்குக் கீழே தொங்கியது. நேரே புளியமரத்தடியில் செருப்புத் தைப்பவரிடம் போய் நின்றாள். “இதுல ஒரு ஓட்டை போடுங்கண்ணே, அந்தப் பக்கமும்.” மாட்டியபடியே அளவு காட்டினாள்.

மலையில் நான் நீர் எடுத்தேன், எழுதினேன். சித்தி சுமந்தாள். இரவு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அங்கே கொடுத்த மரவள்ளிக்கிழங்கை இருவரும் தின்றோம். சித்தி தன் பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் சுற்றினாள். விடிந்ததும் நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு பையைக் கேட்டேன். “உன் வேலையை நீ பாரு,” என்றாள். இறங்கும்போது பாட்டில்கள் நிறைந்திருந்ததால் பை இருமடங்கு கனம். ஓரிடத்திலும் அவள் இறக்கிவைக்கவில்லை.

எட்டும் உடையாமல் கூடம் சேர்ந்தன.

வீட்டில் அம்மா வாசலிலேயே, “எப்படி இருந்தா?” என்று சித்தியைத்தான் கேட்டாள்.

“உன் பொண்ணுக்குத் துணை வேண்டாம்க்கா. மூட்டை தூக்கத்தான் ஆள் வேணும். அதுக்கு வேணா நான் போறேன்.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் என்னைத் தடுத்ததில்லை. வேலை நிரந்தரமானது, அடுத்த மாதமே குவார்ட்டர்ஸ் கிடைத்துச் சித்தி பிலாய் போய்விட்டாள். ஐந்து வருஷமாகத் தனியாகத்தான் மலையேறுகிறேன். முந்தானையைச் செருகுவது பழகிவிட்டது.

போன வாரம் கடிதம் வந்தது. குழந்தையோடு வருகிறாளாம். “அவனை அக்கா பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தப் பையை எடுத்து வை.”

இன்று காலை பையை இறக்கித் தூசி தட்டினேன். ஐந்தாவது துளைக்கருகே தோல் விறைத்திருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, கொக்கியை அதற்கு மாற்றினேன்.