பெற்றோல் குடிக்கும் வண்டிகளும் அவற்றின் சொந்தக்காரர்களும்

எங்கள் தொழிலில் நோயாளி வாய் திறப்பதில்லை; கூட்டிக்கொண்டு வருகிறவர்தான் கதைப்பார், அவரும் ஒரே ஒரு வருத்தத்தைத்தான் சொல்வார்: "வண்டி பெற்றோல் குடிக்கிது."

சாய்ந்தமருதில் பிரதான வீதியோரமாகச் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். எண்ணெய் விலை கூடினால் அடுத்த நாள் காலையிலேயே வாசலில் நாலு வண்டி நிற்கும். நீங்களும் பெற்றோல் முள்ளில் ஒரு கண்ணும் றோட்டில் ஒரு கண்ணுமாக ஓட்டுகிறவர் என்றால், இதில் வருகிற ஆட்கள் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரித்தான்.

டிக்கிக்குள் ஒரு கடை

மருதமுனையில் ஒரு காக்கா; அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். இடுப்பில் உடுக்கிற சாரம் வியாபாரம். பழைய கார் ஒன்றில் பொத்துவில் வரைக்கும் கடை கடையாகப் போய்வருவார். கார் முந்தி மாதிரி இழுக்குதில்லை, எண்ணெயும் கூடப் போகுது என்று வந்தார். பிளக்கைப் பார்த்தேன், எயார் பில்டரைப் பார்த்தேன், குறை ஒன்றும் இல்லை. பின்பக்கம் மட்டும் பாரம் தாங்காத மாடு மாதிரித் தாழ்ந்து நின்றது. டிக்கியைத் திறந்தால் கட்டுக்கட்டாகச் சாரம். அதற்குக் கீழே ஓர் இரும்பு றாக்கை, ஒரு தையல் மெசினின் தலை, மூன்று குடை. அடியில் கிடந்த கட்டு ரெண்டு பெருநாளுக்கு முந்தியது.

"இந்தப் பாரத்தோட ஓடினா எந்தக் காரும் குடிக்கும் காக்கா. அண்டண்டைக்குத் தேவையானத மட்டும் ஏத்துங்க" என்றேன். சொன்னபடியே செய்தார். ஒரு கிழமை கழித்து வந்தவரின் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோசம் இல்லை. அக்கரைப்பற்றில் ஒரு கடைக்காரர் நீலக் கட்டம் போட்ட சாரம் கேட்டாராம். அது வீட்டில் கிடந்திருக்கிறது. அடுத்த கடையில் கேட்டதும் வீட்டில்தான்.

"நீ சொன்னது மெய்தான் தம்பி, கார் நல்லா ஓடுது. யாவாரம்தான் நிண்டு போச்சு."

சூடான சில்லு

இது என் பிழை, ஒளிக்காமல் சொல்கிறேன். கல்முனையில் இருந்து ஆலையடிவேம்பில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒவ்வொரு நாளும் காரில் போய்வருகிற ஒரு ரீச்சர். ஒரு மாதமாக எண்ணெய் கூடப் போகிறது என்று வந்தார். அதற்கு முன் ரெண்டு கராஜில் காட்டியிருக்கிறார். ரெண்டு இடத்திலும் "கிளச்சில கால வச்சிக்கிட்டு ஓடுறீங்க போல" என்று அனுப்பிவிட்டார்கள்.

நானும் தொடங்கினேன். கியரை நேரத்தோடு மாற்ற வேண்டும், சும்மா சும்மா பிரேக்கை மிதிக்கக் கூடாது, அக்சிலேட்டரை மெல்ல மிதிக்க வேண்டும் என்று நல்ல பெரிய பிரசங்கம். முடியும் வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "காலை எடுத்தாக் கார் உருளுதில்ல, ஆரோ பின்னால இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கு எண்டு வந்த உடனே சொன்னன். இந்தச் சில்லுக்கிட்டக் கையை வச்சுப் பாருங்க" என்றார். பின் இடதுபக்கச் சக்கரத்தைக் காட்டினார். வைத்த கையை அடுப்பில் பட்டது மாதிரி எடுத்தேன். கடற்காற்றில் துருப்பிடித்து ஹேண்ட்பிரேக் கேபிள் இறுகிப்போய், பாதி பிரேக் போட்டபடியே ஒரு மாதம் கார் ஓடியிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிரேக்கே கைவிட்டிருக்கும். இவ்வளவு தூரம் ஓடித் திரிகிற பிள்ளை.

கேபிளை மாற்றிக் கார்த் திறப்பைக் கொடுக்கும்போது, கோபிக்க வேண்டாம் ரீச்சர் என்றேன்.

"பரவாயில்ல அண்ணன். நான் காரைத்தான் திருத்தச் சொன்னன், என்னையில்ல."

ஹாஜியாரின் காந்தம்

எண்ணெய்க் குழாயில் மாட்டினால் செலவு குறையும் என்று சொல்லி விற்கிற காந்தம் ஒன்றை ஹாஜியார் ஒருவர் எங்கேயோ வாங்கிவந்து பூட்டச் சொன்னார். இதில் ஒரு பிரயோசனமும் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. பூட்டினேன். மாதம் ஒன்று போனதும் பழப்பையோடு வந்து நின்றார், எண்ணெய் உண்மையாகவே குறைந்துவிட்டதாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரோடு ஒரு சுற்றுப் போனேன். முந்தி காரைப் பறக்கவிடுகிற மனுசன், இப்போது முட்டைப் பெட்டி ஏற்றின மாதிரி ஓட்டுகிறார். ஏன் என்று கேட்டேன்.

"வேகமாப் போனாக் காந்தம் கழண்டு விழுந்திடும் எண்டு பயம் தம்பி."

மூன்றாவது நாள்

பெற்றோல் தட்டுப்பாடான காலம். கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுத்தார்கள். பாலமுனையில் இருந்து ஒரு பொடியன் வந்தான், முப்பது வயதிருக்கும். வாப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். கிழமைக்கு மூன்று நாள் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். கிடைக்கிற பெற்றோல் ரெண்டு நாளைக்குத்தான் காணும். "மூண்டாவது நாளைக்கு என்ன செய்யிற காக்கா?" என்று கேட்டான்.

அவனை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறினேன். தூரத்தில் மாடு குறுக்கே நிற்பது தெரிகிறது. அது வரைக்கும் முடுக்கிக்கொண்டு போய் அதன் மூக்கடியில் பிரேக் போடுகிறான். நிந்தவூர் போய்த் திரும்புவதற்குள் எனக்குக் கழுத்து நொந்துவிட்டது. ரயரில் காற்றுப் பாதிதான் இருந்தது. எல்லாவற்றையும்விட, வாப்பா களைத்து வருவார், கார் குளிராக இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரி வாசலில் மணிக்கணக்கில் எஞ்சினை நிற்பாட்டாமல் ஏசி போட்டுவைப்பானாம். அந்தப் பாசத்தை எப்படிக் குறை சொல்வது? மர நிழலில் விட்டுக் கண்ணாடியை இறக்கிவை என்றேன். காற்று அடித்தேன், அழுக்கு பில்டரை மாற்றினேன். மாட்டைக் கண்டதும் காலை எடு, கார் தானாக உருளட்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கிழமை மூன்றாவது நாள் எனக்கு வேலை ஓடவில்லை. கழற்றிய நட்டையே திரும்பவும் பூட்டிக்கொண்டிருந்தேன். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வர போன் அடித்தது. "வீட்டுக்கு வந்திட்டம் காக்கா. முள்ளு அடியிலதான் கிடக்கு, ஆனா வந்திட்டம்." பிறகுதான் அந்த நட்டைச் சரியாகப் பூட்டினேன். அடுத்த கிழமை வாப்பாவே கராஜ் வாசலில் காரை நிற்பாட்டச் சொல்லி, கண்ணாடிக்குள்ளால் கைகொடுத்து சலாம் சொன்னார். மகன் இப்போது எப்படி ஓட்டுகிறான் என்று கேட்டேன்.

"முந்தி இவன் ஓடினாக் கண்ண மூடி ஓதிக்கிட்டுத்தான் வருவன், இப்ப வழியில ஒலுவில்ல ஆரு புதுசா வீடு கட்டுறாங்க எண்டதும் தெரியிது."

எண்ணெயை மிச்சம் பிடிக்க ஊருக்கெல்லாம் வழி சொல்கிற எனக்கு, என் சொந்த வேனைக் கடைசியாக எப்போது சர்வீஸ் செய்தேன் என்று மட்டும் ஞாபகமில்லை.