சிவநேசன் அண்ணையின் கல்குலேட்டர்

ஆழ்ந்த துயருடன் அறியத்தருகிறேன்... பல வருடம் அயராது உழைத்த ஒரு கல்குலேட்டர் இன்று காலை லா சப்பல் மெட்ரோ வாசலில், என் கையிலேயே கண்ணை மூடியது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், சகபாடிகள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். மலர்வளையம் வேண்டாம், ஒரு பட்டறி போதும்.

இதைப் பகிடிக்கு எழுதி வைத்திருந்தேன். போஸ்ட் பண்ண முன் போன் வந்தது.

சிவநேசன் அண்ணை போய்விட்டார். ரோய்சி எயார்போர்ட்டில், வேலையில், நெஞ்சுவலி... நாற்பத்தாறு வயது.

கல்குலேட்டரும் அவருடையதுதான். அதனால் மேலே எழுதியதை அழிக்கவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்கு... அண்ணை என் வகுப்புத் தோழர். ஓம், தோழர்தான். நானும் அவரும் இரண்டு வருடம் ஒரே வாங்கில் இருந்து இயூதே என்கிற தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தோம். அங்கே இரண்டு வருடம் முடித்து, நல்ல இடம் எடுத்தால் பெரிய இன்ஜினியரிங் ஸ்கூலுக்கு மாறிப் போகலாம். எனக்கு அப்போது பதினேழு. அவர் யாழ்ப்பாணத்தில் ஏ.எல். கணிதம் படித்துக்கொண்டிருக்கும்போதே நாட்டை விட்டு வந்து, இங்கே இருபது வருடம் விமானத்துக்குப் பெட்டி ஏற்றியவர். வேலையில் படிப்பு லீவு எடுத்து வந்திருந்தார்.

அந்த வகுப்பில் அவரை மெக்கானிக்ஸில் வென்ற ஆள் நான். எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தலைமயிர் வெட்டுகிற அண்ணையில் இருந்து நகைக்கடை வாசலில் நிற்கிறவர் வரைக்கும் இது தெரியும். நான்தான் சொன்னேன்.

முதல் நாள் அவர் உள்ளே வர, புரொபசர் என்று நினைத்து எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். நான் விடுவேனா. இன்றைக்கு டெஸ்ட்டா மிசியு என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஓம், எல்லோரும் பேப்பரை எடுங்கள் என்று பிரெஞ்சிலேயே சொல்லிவிட்டு, நேரே வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். முப்பது பேர் பேப்பரோடு முழித்துக்கொண்டு இருந்தார்கள்.

அன்றைக்கே முடிவெடுத்தேன், லாபில் இவர்தான் என் ஜோடி. இங்கே அதற்கு பினோம் என்று பெயர். எனக்குப் பின்னாலேயே வருவதால் பினோம் என்று நான் விளக்கம் கொடுத்தேன். உண்மையில் யார் யாருக்குப் பின்னால் போனது என்று லாப் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தால் தெரியும்...

ஒருநாள் லாபில் இருபது கிலோ என்று எழுதிய இரும்புக் கட்டி ஒன்றைத் தூக்கினார். தூக்கினவர் உடனே கீழே வைத்துவிட்டு, "தம்பி, இது இருபது இல்லை" என்றார். நான் சிரித்தேன். தராசில் வைத்தோம். பதினெட்டரை. இருபது வருடம் பெட்டி தூக்கிய கை.

பெட்டியே தூக்காமல் பெட்டி தூக்குகிற மெஷினைக் கீறி வடிவமைக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. இன்ஜினியரிங் ஸ்கூலுக்கு மாற அதனால்தான் நின்றார். மேல் பத்துப் பேருக்குத்தான் சிபாரிசு எழுதுவார்கள். அவர் நாலாவதாக இருந்தார்.

பிறகு கடைசி மெக்கானிக்ஸ் சோதனை. இருபதுக்கு எனக்குப் பதினான்கு, அவருக்கு எட்டு.

நான் ஒன்பதாவதாக வந்தேன். அவர் பதின்மூன்றுக்குப் போய்விட்டார். நான் மாறிப் போனேன். அவர் ரோய்சிக்கே திரும்பி, பெட்டி போகிற பெல்ட் திருத்துகிற வேலை எடுத்தார். முதுகுக்குச் சந்தோசமாக இருக்கிறது என்றார்.

இன்று பின்னேரம் கூசேன்வில்லுக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா, அவருடைய மனைவி, அழுது முடித்துக் களைத்துப் போய் இருந்தா. என்னைக் கண்டதும் கையைப் பிடித்தா.

"நீதானே தம்பி மெக்கானிக்ஸில அவருக்கு அடிச்சனி? வாற போற எல்லாருக்கும் சொல்லுவார். பெடியன் கெட்டிக்காரன் எண்டு."

இரண்டு பேரும் ஒரே கதையைத்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறோம்.

அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்தச் சோதனைக்குப் போகும்போது, ஆர்.இ.ஆர். டி ரயிலில், அண்ணையின் கல்குலேட்டரை வாங்கி டிகிரியில் இருந்து ரேடியனுக்கு மாற்றிவிட்டேன். அப்படிச் செய்தால் கோணம் வருகிற கணக்கு ஒன்றுக்கும் சரியான விடை வராது. வகுப்புக்குள் போனதும் சொல்லிச் சிரிப்பதுதான் பிளான். ஆனால் பெயர் வரிசையில் இருத்தினார்கள். அவர் முன்னுக்கு, நான் கடைசியில். பேப்பர் கொடுத்துவிட்டார்கள்.

எழும்பிச் சொல்லியிருக்கலாம். வெளியே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். அவர் ஒரே கணக்கைத் திரும்பத் திரும்ப வெட்டி எழுதுவது பின்னால் இருந்தே தெரிந்தது.

முடிந்து வெளியே வந்து, பஸ் தரிப்பில் நின்று சைன் முப்பது அடித்துப் பார்த்தார். அரை வர வேண்டும். வரவில்லை. திரும்பவும் அடித்துப் பார்த்தார். மெஷின் பழசு அண்ணை, எறியுங்கோ என்றேன்.

எறியவில்லை. என் கையில் தந்தார்.

"நீ வைச்சிரு. இதின்ர குணம் உனக்குத்தானே தெரியும்."

தெரிந்துதான் சொன்னாரா... நான் கேட்கவே இல்லை.

அந்தப் பதினான்கு புள்ளியையும் இனி ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன். இதை முதலில் அக்காவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். கையைப் பிடித்திருந்தா, சொல்லாமலே எழும்பி வந்துவிட்டேன். நாளைக்குப் போகிறேன்.

வரும்போது ரூ பெர்தொனே கடை ஒன்றில் பட்டறி வாங்கிப் போட்டேன். மெஷின் பழைய ரேடியனை எல்லாம் மறந்து எழும்பிவிட்டது, டிகிரியில். சைன் முப்பது, அரை.

போயிட்டு வாங்கோ அண்ணை.