ஐம்பது என்று எழுதியவர்

யூனுஸுக்கு உட்காரத் தெரியாது. மலாக்காவின் பண்டார் ஹிலிரில் அண்ணன் தாவூதின் மளிகைக் கடையில் அவரைக் கல்லாவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள், வாசலில் ஆட்கள் காத்து நிற்க, அவர் கடைத் தராசைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "நீ இரும்பையே கட்டிக்கிட்டு அழு" என்று அண்ணன் அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து காஜா பெராங்கில் தம் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கார்களையும் லாரிகளையும் பழுது பார்த்துப் பிழைத்தார்.

அந்தக் கொட்டகையில்தான், ஜப்பான்காரன் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு, விபத்தில் நசுங்கிய காரொன்றின் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்துத் தம் விருப்பப்படி மாற்றினார். சிலிண்டர் தலையை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு சீவினார். வால்வுகளைப் பெரிதாக்கினார். ஒரு கார்புரேட்டர் இருந்த இடத்தில் இரண்டை வைத்தார். கம்பெனி அதற்கு முப்பத்திரண்டு குதிரைச் சக்தி என்று எழுதியிருந்தது. யூனுஸ் காகிதத்தில் கணக்குப் போட்டு ஐம்பது என்றார். சிங்கப்பூர்ப் பந்தயத்துக்குக் கொண்டுபோவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தார். பந்தயத்துக்கு முன்னால் யுத்தம் வந்துவிட்டது.

ஐம்பது என்பது காகிதக் கணக்குத்தான். அளந்து பார்த்ததில்லை. அது அவரை முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் பெட்ரோல் கண்ணில் படவில்லை. அரிசியும் அப்படித்தான், மரவள்ளிதான் சோறு. புக்கிட் காதிலில் மரவள்ளி பயிரிட்டிருந்த கலியாணசுந்தரம், கிழங்கை அரைத்து மாவாக்க ஓர் ஆலை வைக்கலாம் என்று வந்து கேட்டபோது, யூனுஸ் அந்த எஞ்சினை அதற்குக் கொடுத்தார். கொட்டகையிலேயே ஆலை ஓடியது. பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்த புகைவாயு. பாதிச் சக்திதான் வந்தது, ஆனாலும் தெருவில் நாற்பது குடும்பங்கள் அந்த மாவைத்தான் தின்றன.

எஞ்சின் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. படிவத்தில் 'சக்தி' என்று ஒரு கட்டம். யூனுஸ் சற்றும் யோசிக்காமல் ஐம்பது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

ஒரு மாதம் கழித்து, 1943 ஜூலையில், படிவம் வாங்கிய ஜப்பானிய அலுவலகத்தில் எழுத்தராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்த தேவதாஸ் சைக்கிளில் வந்தார். யூனுஸின் பந்தயப் பேச்சையெல்லாம் காப்பிக் கடையில் கேட்டுச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

"பாய், வெள்ளிக்கிழமை மதியம் எஞ்சினியர் வர்றாரு. நாப்பதுக்கு மேல உள்ளதெல்லாம் ஆத்து வாயில இருக்கிற படகுக்குப் போவுது. கீழ உள்ளத ஆலைக்கே விட்டுருவாங்க. நீங்க அம்பதுன்னு எழுதியிருக்கீங்க."

"பெட்ரோல்ல ஓட்டிப் பாப்பாங்களா?" என்று யூனுஸ் கேட்டார். எஞ்சின் போகப்போகிறது என்பதைவிட அதுதான் முதலில் அவர் வாயில் வந்தது.

"ஒரு கேலன் கொண்டாருவாரு. அளக்கிறதுக்கு நீங்கதான் ஏற்பாடு பண்ணணும்."

தேவதாஸ் போனதும் மனைவி ஷரீஃபா அடுக்களையிலிருந்து வெளியே வந்தார்.

"யார் மச்சான் ஒங்கள அம்பதுன்னு எழுதச் சொன்னா? முப்பதுன்னு எழுதினா கை தேஞ்சா போயிரும்?"

"இல்லாதத எழுதலையே."

"இருக்குன்னு நீங்க கண்டீங்களா?"

 யூனுஸ் வீட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்தார். சோற்றுத் தட்டோடு நடந்தார். தொழுகையில் ரக்அத்து எண்ணிக்கை தப்பி மறுபடி தொழுதார். மூன்று வருஷமாகத் தேடிய எண் வெள்ளிக்கிழமை கையில் விழப்போகிறது. அது நாற்பதைத் தாண்டினால் தெருவுக்கு மாவு இல்லை. தாண்டாவிட்டால் தம் பேச்சு அத்தனையும் பொய்.

வியாழக்கிழமை அளவைக் கருவி செய்தார். எஞ்சின் தண்டில் ஓர் இரும்பு உருளை. அதை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க, குடைந்த இரண்டு மரக்கட்டைகள். கட்டையிலிருந்து நீளும் மூன்றடிக் கம்பு, தாவூத் கடையிலிருந்து கொண்டுவந்த மேடைத் தராசின் மேல் தாங்கி நிற்கும். உருளை சுற்றும்போது கட்டை தானும் சுற்றப் பார்க்கும். கம்பு அதைத் தடுக்கும். அந்த அழுத்தம் தராசில் இத்தனை ராத்தல் என்று தெரியும். ராத்தலை மூன்றடியால் பெருக்கினால் முறுக்கு விசை. அதை நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்கி, ஐயாயிரத்து இருநூற்று ஐம்பத்திரண்டால் வகுத்தால் குதிரைச் சக்தி. எஞ்சின் எவ்வளவு பலமாகத் திருகுகிறது என்பது முதலாவது. அந்தத் திருகலை எத்தனை விரைவாகச் செய்கிறது என்பது இரண்டாவது. யூனுஸ் இதைச் சுவரில் கரியால் எழுதிவைத்தார்.

மாலையில் கலியாணசுந்தரம் வந்தார். சுவரைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார்.

"பாய், எனக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எம் புள்ளைங்களுக்கு அந்த மாவுதான். அத மட்டும் நெனச்சிக்கிங்க."

அவர் போனபின் யூனுஸ் எஞ்சின் அருகில் வெகுநேரம் நின்றார். பிறகு தீப்பொறி கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் திருகைத் தளர்த்தி, ஒரு விரல் அகலம் பின்னால் திருப்பி, மறுபடி இறுக்கினார். பொறி தாமதமாக விழுந்தால் எஞ்சின் ஓடும், வலுதான் வராது. ஷரீஃபா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து யூனுஸ் வந்து சேர்வதற்குள் அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். எஞ்சினியர் ஹயாஷி ஒல்லியான, கண்ணாடி போட்ட மனிதர். வந்தவுடன் தராசில் தாமே ஏறி நின்று அது சரிதானா என்று பார்த்தார். கம்பை நாடாவால் அளந்தார். 

பெட்ரோலில் எஞ்சின் உயிர்த்தது. யூனுஸ் அதை நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்றில் பிடித்துவைத்து, கட்டையை இறுக்கினார். ஷரீஃபா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டை தீய்ந்துபோகாமல் அதன் மேல் தண்ணீர் ஊற்றினார். தராசு முள் பதினேழில் நின்றது. மூன்றால் பெருக்கினால் ஐம்பத்தொன்று. இருபத்தொன்பது குதிரை.

ஹயாஷி எழுதவில்லை. எஞ்சினின் புகைக்குழாயையே பார்த்தார். அது பட்டப்பகலிலேயே மங்கலாகச் சிவந்திருந்தது. பொறி தாமதமானால் குழாய் அப்படித்தான் சிவக்கும். அவர் ஏதோ கேட்டார்.

"குழாய் ஏன் இப்படிக் காயுதுன்னு கேக்கிறாரு" என்றார் தேவதாஸ்.

"கரி வாயுவுல ஓடி ஓடி வால்வு கெட்டுப்போச்சு" என்று யூனுஸ் சொன்னார். 

ஹயாஷி பையிலிருந்து படிவத்தை எடுத்து, ஐம்பது என்ற எண்ணின் மேல் விரலை வைத்து மறுபடி கேட்டார். இந்தத் தடவை தேவதாஸ் யூனுஸ் பக்கம் திரும்பவே இல்லை. தாமாகவே நீளமாக ஏதோ சொன்னார். ஹயாஷி சிரித்துவிட்டார். இருபத்தொன்பது என்று எழுதி, முத்திரை குத்தி, மீதிப் பெட்ரோல் டின்னை மூடச் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

"என்ன சொன்னீங்க?" என்று யூனுஸ் மெதுவாகக் கேட்டார்.

"இந்த ஆளு ஊரறிஞ்ச புளுகன், சைக்கிளக் கூட மோட்டாருன்னுதான் சொல்லுவான்னேன்" என்று சொல்லிவிட்டு தேவதாஸ் சைக்கிளை எடுத்தார்.

எஞ்சின் தப்பியது. யூனுஸுக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லத் தோன்றவில்லை. புளுகன் என்ற சொல் காதிலேயே நின்றது. டின்னைத்தான் எடுத்துப் போனார்கள். எஞ்சின் டாங்கியைக் காலி செய்யவில்லை. குச்சி விட்டுப் பார்த்தார். ஒரு பைண்ட் தேறும். முழு வேகத்தில் இரண்டு நிமிஷம்.

"வேணாம் மச்சான்," என்றார் ஷரீஃபா. "தெருக் கோடியைக் கூடத் தாண்டியிருக்க மாட்டாங்க. சத்தம் மாறினா அந்தாளுக்குத் தெரியாதா?"

"ரெண்டே நிமிஷம்."

"மாவு?"

யூனுஸ் அங்குமிங்கும் நடந்தார். மேகம் கறுத்திருந்தது. முதல் தூறல் தகரத்தில் விழுந்து, பிறகு கொட்டியது. கொட்டகைக்குள் பேச்சே கேட்காத மழை. ஷரீஃபா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு தண்ணீர் வாளியை எடுத்துக்கொண்டு தராசின் அருகே போய்க் குந்தினார்.

யூனுஸ் பொறியைப் பழைய இடத்துக்குத் திருப்பிவைத்து எஞ்சினைக் கிளப்பினார். பந்தயத்துக்கென்று வாங்கிய சுற்றுமானியின் முள் மூவாயிரத்தைத் தொட்டது. கட்டையை இறுக்க இறுக்க எஞ்சின் பணியாமல் உறுமியது. தண்ணீர் ஆவியாய்ப் பறந்தது. கட்டை புகைய ஆரம்பித்தது.

"எத்தன?" என்று கத்தினார்.

"இருபத்தி நாலு!"

"நல்லாப் பாரு!"

"நல்லாத்தான் பாக்கிறேன். இருபத்தி நாலு!"

இன்னும் வேகத்தைக் கூட்டக் கையை வைத்தார். எஞ்சின் இருமி, நின்றுபோனது. பெட்ரோல் தீர்ந்திருந்தது.

ஈரக் கையோடு சுவரில் எழுதினார். எழுபத்திரண்டு. நாற்பத்தொன்று குதிரை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கம்பெனிக்காரன் எழுதினதவிட ஒம்பது கூட" என்றார் ஷரீஃபா.

"அம்பதுக்கு ஒம்பது கொறவு. ஆனா இது மூவாயிரத்துலதான். நாலாயிரத்துல ஓட்டியிருந்தா..."

"மச்சான், சொவத்தத் தொடைங்க மொதல்ல."

தம் கையாலேயே துடைத்தார். மறுநாள் கரி வாயுவில் ஆலை ஓடியது. அடுத்த இரண்டு வருஷமும் ஓடியது. மாவு அரைபட்டுக்கொண்டிருக்கும்போதெல்லாம் யூனுஸின் மனம் நாலாயிரத்தில் என்ன வரும் என்பதிலேயே கிடந்தது.

வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு, மீன் சந்தையில் தேவதாஸைப் பார்த்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கி என்னைக் காப்பாத்தத்தானே அப்படிச் சொன்னீங்க?"

தேவதாஸ் சற்று யோசித்தார். "படகுக்குப் போகக்கூடாதுன்னு நெனச்சேன், அது நெசம். ஆனா பாய், கோவிச்சிக்காதீங்க. நான் சொன்னதும் நெசம்னுதான் நெனச்சேன்."

யூனுஸ் கோபித்துக்கொண்டார். இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. பிறகு ஆலையிலிருந்து எஞ்சினை இறக்கிப் பிரித்தார். கரிச் சாம்பல் சிலிண்டர்களைத் தின்றிருந்தது. அவற்றைத் துளைத்துப் பெரிதாக்கி, புது பிஸ்டன் போட்டு, 1946-இல் பெட்ரோல் கிடைத்ததும் நாலாயிரத்தில் அளந்தார். தராசில் இருபது ராத்தல். கிட்டத்தட்ட நாற்பத்தாறு. காப்பிக் கடையில் அதைச் சொன்னபோது ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் வியக்கவுமில்லை.

அந்த எஞ்சினை ஒரு சிறு லாரியில் பொருத்தி, அதில் கலியாணசுந்தரத்தின் கிழங்கையும் பிறகு காய்கறியையும் ஏற்றினார். 1951-இல் ஜாசின் சாலையில் அதன் கிராங்க் தண்டு இரண்டாக முறிந்தது. யூனுஸ் வெயிலில் ஆறு மைல் நடந்து வீடு வந்தார். ஷரீஃபா நீட்டிய தண்ணீரை வாங்காமல், தரையில் குந்தி, தண்டு எந்த வளைவில் முறிந்தது என்று விரலால் படம் போட்டுக் காட்டினார்.