ஏழாம் அறைமேல் ஒரு பட்டன்

மாமல்லபுரத்து லாட்ஜ் மேனேஜருக்குத் தலை முழு வெள்ளை, மீசை மட்டும் கன்னங்கரேல். மவுஸைத் தூக்கி அடியில் ஊதிவிட்டுத்தான் எதையும் க்ளிக் செய்வார். காலி அறைகளைப் பார்க்க நான் எக்செல் ஷீட் போட்டுக்கொடுத்திருந்தேன். ஆள் இருக்கும் அறைகளின் வரிசைகளை மறைத்தால், மறுபடி காட்டுவதற்கான பட்டனும் கூடவே மறைந்துவிட்டது.

"பட்டனையும் இட்டுகினு பூடுது சார்!" என்று போனில் கத்தினார்.

செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய், வரிசை மறைந்தாலும் பட்டன் நகராதபடி மாற்றினேன்.

மறுவாரம் போனால், குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பத்தை அறை இல்லையென்று அனுப்பிக்கொண்டிருந்தார். ஆனால் ஏழாம் அறை காலி. மற்ற வரிசைகள் மறைந்ததில் அது மேலேறி, பட்டனுக்கு அடியில் மாட்டியிருந்தது.

"பட்டனைக் கொஞ்சம் தள்ளிவைக்கலாமே?"

"நகரக்கூடாதுன்னு நீங்கதான சார் செஞ்சீங்க? இப்போ அந்த ரூம் மேல குந்திகினு கீது. நான் எப்பிடி ஆளு வுடுறது?"

பட்டனை நானே தள்ளிவைத்தேன். அவர் முகம் வாடிவிட்டது.

டீ குடித்துவிட்டுத் திரும்பும்போது ஏழாம் அறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே மேனேஜர், ஃபேனுக்கு நேரே கிடந்த தலையணையைத் தூக்கி, அடியில் ஊதிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அவருக்கு எக்செல் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.